கழிபொருளிற் கண்ட பயன்

1923 ஆம் ஆண்டிற் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை வான்வழியே பரப்பப்பட்டது. இலங்கையிற் பரீட்சார்த்தமாக நிகழ்ந்த அவ்வொலிபரப்பே இந்நாட்டு வானொலியின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக விளங்கிய எட்வேட் ஹாப்பர் என்பார் அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அன்று பயன்பட்ட ஒலிபரப்பி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் புதிதாக வருவிக்கப்பட்டதன்று. முதலாம் உலக யுத்தத்திற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு, திணைக்களத்துப் பொறியியலாளர் தம் கையாலேயே அதனை அமைத்துக்கொண்டனர். அதன்பின் 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடக்கிவைக்கப்பட்டது.

கடலடியில் மறைந்திருந்து பிறர் கப்பல்களை மூழ்கடித்த கலத்தின் உறுப்புகள், கரையேறியபின் இல்லந்தோறும் இசையைக் கொண்டுசெல்லும் பணிக்கு உதவின. யுத்தம் முடிந்தபின் அக்கலத்தின் உரிமையாளர்க்கு அவை வேண்டப்படவில்லை. வென்றவர்க்கோ அவை பழைய இரும்பும் செம்புக் கம்பியுமாகவே தோன்றியிருத்தல் கூடும். கொழும்பிலிருந்த சிலருக்கு மாத்திரம் அவை வேறு வகையாகத் தோன்றின. அவர்களிடம் நிறைவேற்ற வேண்டிய ஒரு வேலை இருந்தது, அவ்வேலைக்கு வேண்டிய அறிவும் இருந்தது, பணந்தான் போதவில்லை.

ஒரு பொருள் மிகைப்பொருளாவது எவ்வாறு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது. மிகை என்பது பொருளினிடத்தே காணப்படும் குணமன்று. அதனை வைத்திருப்பவரின் தேவை முடிந்துவிட்டது என்பதே அச்சொல்லின் பொருள். ஒருவர் தேவை முடியும் இடத்தில் இன்னொருவர் தேவை தொடங்குதல் கூடும். ஆயினும் அவ்விருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பரேல், பொருள் குப்பைமேட்டையோ கடலையோ சென்றடையும். பயன் முடிந்த நாளுக்கும் எறியப்படும் நாளுக்கும் இடையே ஒரு சிறு கால இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நிகழ்வதும் நிகழாது போவதுமே இப்பேச்சின் பொருள்.

முதற்கண், நிகழாது போனதற்கு ஓர் உதாரணத்தைக் காணலாம். பசிபிக் சமுத்திரத்திலுள்ள எஸ்பிரித்து சாந்தோ என்னுந் தீவு இன்று வனுவாத்து நாட்டைச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அது பிரித்தானியரும் பிரான்சியரும் கூட்டாக ஆண்ட நியூ ஹெபிரிதீசு தீவுக்கூட்டத்தின் பகுதியாயிருந்தது. 1942 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கர் அங்கே பெருந்தளமொன்றை அமைத்தனர். யுத்தம் ஓய்ந்தபோது, பாரவண்டிகள், நிலத்தைச் சமப்படுத்தும் இயந்திரங்கள், பாரந்தூக்கிகள் முதலியன அங்கே திரளாக எஞ்சின. அவற்றைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லுஞ் செலவு பெரிது. ஆதலால், மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு தீவின் ஆட்சியாளரை அமெரிக்கர் கேட்டனர். ஆட்சியாளர் இணங்கவில்லை. எப்படியும் விட்டுச் செல்வார்கள்; விலையின்றியே பெற்றுக்கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணியதாகச் சொல்லப்படுகின்றது. அமெரிக்கரோ கடலுக்குள் ஒரு பாதை அமைத்து, இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அதன்வழிச் செலுத்தி, நீரிற் தள்ளிவிட்டனர். அவ்விடத்திற்கு இன்று ‘மில்லியன் டொலர் முனை’ என்று பெயர். சுழியோடிகள் அங்கே சென்று, துருப்பிடித்த சக்கரங்களுக்கிடையே மீன்கள் திரிவதைக் கண்டு வருகின்றனர்.

இதனை வெறும் பிடிவாதத்தின் விளைவென்று தள்ளிவிடலாகாது. நல்ல பொருளை அழிப்பதற்கு அலுவலகங்களிடம் எப்போதும் காரணங்கள் உண்டு. பொருளைக் காக்க இடம் வேண்டும், காவலாளி வேண்டும், கணக்கேட்டில் வரி வேண்டும். இலவசமாகக் கொடுத்தால் புதுப்பொருள் விற்பனை குன்றும் என்று உற்பத்தியாளர் அஞ்சுவர். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் குறைகூறுவர் என்று உத்தியோகத்தர் அஞ்சுவர். அழித்துவிட்டாலோ கேள்வி எழாது, கணக்கு முடிந்துவிடும். அழிவு பெரும்பாலும் கொடியவர் செயலால் நேர்வதில்லை. கணக்கை ஒழுங்காக முடிக்க விரும்பும் நல்லவர் கையாலேயே அது நேர்கின்றது.

அதே பசிபிக் சமுத்திரத்தின் மறுபுறத்தில், அதே காலத்தில், கதை வேறுவிதமாக முடிந்தது. அவுஸ்திரேலியாவிற் சிட்னி நகரத்திலிருந்த அரசாங்க வானொலிப் பௌதிக ஆய்வுகூடம் யுத்தகாலத்தில் றாடார்க் கருவிகளை ஆராய்ந்துவந்தது. அதன் தலைவராக 1946 ஆம் ஆண்டில் அமர்ந்த ஈ. ஜீ. போவன், பிரித்தானிய றாடார் ஆராய்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவர். யுத்த முடிவில் அமெரிக்கரின் புத்தம் புதிய மின்னணுச் சாதனங்கள் கப்பலிலேற்றப்பட்டுச் சிட்னிக்கு அப்பாற் கடலிற் கொட்டப்படுவதை அவர் அறிந்தார். உரியவரிடம் முறையிட்டு, பாங்ஸ்டவுன் விமானத்தளத்திற் குவிந்திருந்தவற்றிலிருந்து வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளச் சிறிதுகால அனுமதி பெற்றார். ஆய்வுகூடத்தின் பாரவண்டிகள் அங்குமிங்குமாக ஓடிச் சாதனங்களைச் சுமந்து வந்தன. பெட்டி பிரிக்கப்படாதனவும் அவற்றுள் இருந்தன. இச்செய்தியைப் பின்னாளில் போவனே தம் நினைவுகளிற் பதிந்துள்ளார்.

அந்த ஆய்வுகூடத்தார் யுத்தகாலக் கருவிகளோடு டோவர் ஹைற்ஸ் என்னுங் கடலோரக் குன்றில் நின்று வானத்தை ஆராய்ந்தனர். வானத்தினின்று நேரே வரும் அலையும் கடல்நீரிற் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றுசேர்வதை அளந்து, விண்ணிலே வானொலி அலைகள் எங்கிருந்து எழுகின்றன என்பதைக் கணித்தனர். 1949 ஆம் ஆண்டில் ஜோன் போல்ற்றனும் அவருடைய துணைவரும் அத்தகைய அலைமூலங்களுள் ஒன்று நண்டு நெபுலா என வழங்கும் வெடித்த விண்மீனின் எச்சமே என்று காட்டினர். எதிரி விமானத்தைத் தேடுதற்கெனப் பிறந்த கலை, இறந்த விண்மீனைத் தேடுங் கலையாயிற்று.

ஒல்லாந்தரின் வரலாறு இன்னும் உருக்கமானது. அந்நாடு 1940 முதல் 1945 வரை ஜேர்மனியரின் பிடியிலிருந்தது. அந்த இருண்ட காலத்திலும் லெய்டன் வானியலாளர் யான் ஊர்ட் தம் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளில் ஒரு குறித்த அலைநீளத்திற்குரிய கோடு உண்டாயின், பால்வீதியின் அமைப்பை அதனால் அறியலாமே என்று அவர் எண்ணினார். அவ்வினாவை இளைஞரான வான் டி ஹுல்ஸ்ற் என்பவரிடம் விடுத்தார். 1944 ஆம் ஆண்டில் அவ்விளைஞர் விடை கண்டார். ஐதரசன் அணுவிலிருந்து ஏறத்தாழ 21 சதமமீற்றர் அலைநீளமுள்ள கதிர்வீச்சு வரவேண்டும் என்பதே அவ்விடை. ஆனால், அதனைத் தேடிப் பார்ப்பதற்கு வேண்டிய பெரிய ஏரியல் ஒல்லாந்தில் எங்கேயுள்ளது? யுத்தத்தால் நொந்த நாட்டில் அதனைக் கட்டுதற்குப் பணம் ஏது?

ஏரியல்கள் கடற்கரையிலேயே நின்றன. நாட்டை அடிமைப்படுத்தியவரே அவற்றை விட்டுச் சென்றிருந்தனர். ‘பெரிய வூர்ட்ஸ்பூர்க்’ என வழங்கிய ஜேர்மனிய றாடார்களின் கிண்ணங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை மீற்றர் விட்டமுடையன. விடுதலை பெற்ற மக்கட்கு அவை வெறுப்பிற்குரிய சின்னங்கள். இரும்பு வியாபாரிக்கோ நிறைக்கு விற்கும் உலோகம். ஒல்லாந்தின் தபால் தந்திச் சேவையைச் சேர்ந்த டி வோக்ற் என்னும் பொறியியலாளர் அவற்றுட் சிலவற்றை அழியாது காத்து எடுத்துவந்தார். அவற்றுள் ஒன்று கோட்வைக் என்னுமிடத்தில், சிற்றலை நிலையத்தின் அருகே, வானியலாளரின் பயன்பாட்டிற்கென நிறுத்தப்பட்டது.

இனி எல்லாம் எளிதாயிற்று என்று நேயர்கள் கருதவேண்டா. பழைய கிண்ணத்தை வானத்தின் அசைவுக்கேற்ப மெல்லத் திருப்பும் பொறி அதில் இல்லை. உதவியாளர் இரவு பகலாகக் கையாற் சுற்றித் திருப்பவேண்டியிருந்தது. 1950 ஆம் ஆண்டில் தீ மூண்டு வாங்கிக்கருவியை அழித்தது. முல்லர் என்னும் பொறியியலாளர் வந்து புதிய வாங்கியொன்றை அமைத்தார். இதற்கிடையில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஈவனும் பேர்செலும் 1951 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்தக் கோட்டை முதலிற் கண்டுவிட்டனர். ஒல்லாந்தர் அவ்வாண்டு மே மாதத்தில் அதனைக் கண்டனர். சிட்னியிலுள்ளோரும் விரைவில் அதனை உறுதிப்படுத்தினர். முந்தியவர் யார் என்ற போட்டி அங்கே எழவில்லை. மூவர் முடிவும் ஒரே விஞ்ஞான இதழில் ஒருங்கே வெளிவந்தது. அதன்பின் ஒல்லாந்தர் அதே கிண்ணத்தைக் கொண்டு, பால்வீதியின் சுருட்கரங்களை வரைபடமாக்கத் தொடங்கினர். பகைவர் விமானத்தை வீழ்த்துதற்கு வழிகாட்டிய கருவி, மனிதன் வாழும் விண்மீன் மண்டலத்தின் வடிவத்தை மனிதனுக்குக் காட்டிற்று.

இங்கிலாந்தில் நடந்ததொன்று இலங்கையோடும் தொடர்புடையது. யுத்தகாலத்தில் விமான றாடார் ஆராய்ச்சியில் ஈடுபட்ட பேணாட் லவல், 1945 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்கு மீண்டார். விண்கதிர்கள் வளிமண்டலத்தில் விளைக்கும் எதிரொலியைக் கண்டறிய விரும்பி, தரைப்படையினர் வைத்திருந்த பீரங்கி றாடாரைப் பெற்றார். நகரத்து மின்சாரத் திறாம் வண்டிகள் எழுப்பிய இடையூற்றால் அது அங்கே பயன்படவில்லை. ஆதலால் 1945 டிசம்பரில், நகருக்குத் தெற்கே தாவரவியற் பகுதியினர் வைத்திருந்த யோட்றல் பாங்க் என்னும் நிலத்திற்கு அதனைக் கொண்டுசென்றார். அவர் தேடியது கிட்டவில்லை. அதற்குப் பதிலாக எரிவெள்ளிகளின் சுவடுகளிலிருந்து வரும் எதிரொலிகள் கிட்டின. சிலநாள் தங்கச் சென்றவர் அங்கேயே ஒரு பெரும் ஆய்வுநிலையத்தை எழுப்பினார்.

அந்நிலையத்தில் 250 அடி விட்டமுள்ள கிண்ணத்தைத் தாங்கும் வானொலித் தொலைகாட்டியொன்றை அமைக்க அவர் திட்டமிட்டார். அவ்வளவு பெரிய கிண்ணத்தை மேலுங் கீழுமாகச் சாய்த்து, வேண்டிய கோணத்தில் அசையாது நிறுத்துவதெப்படி? அத்தகைய பற்சக்கரங்களைப் புதிதாக வார்ப்பித்தல் பெருஞ்செலவு. அப்பொழுது பிரித்தானியக் கடற்படையின் பழைய பெரும் போர்க்கப்பல்கள் உடைக்கப்பட்டு வந்தன. ‘றோயல் சொவறின்’, ‘றிவெஞ்’ என்னும் இரு கப்பல்களின் 15 அங்குலப் பீரங்கி மேடைகளைச் சுழற்றிய பற்சட்டங்களைப் பெற்று, கிண்ணத்தைச் சாய்க்கும் பொறியில் அமைத்தனர். பெரும்பாரத்தை நுட்பமாகத் திருப்பவேண்டும் என்ற தேவை பீரங்கி மேடைக்கும் தொலைகாட்டிக்கும் பொதுவானது. அதனைக் கண்டுகொண்டதே அங்கு நிகழ்ந்த அறிவுச் செயல்.

அவ்விரு கப்பல்களும் இலங்கைக் கடலுக்குப் புதியனவல்ல. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் விமானங்களால் தாக்கியபோது, அத்மிரல் சமவில் தலைமையில் இந்து சமுத்திரத்தில் நின்ற கீழைக் கடற்படையில் அவையிரண்டும் இடம்பெற்றிருந்தன. வயது முதிர்ந்த கப்பல்களாதலால், விரைவுமிக்க யப்பானியக் கப்பற்படையோடு மோதவிடாது அவற்றை ஆபிரிக்கக் கரைக்கு அனுப்பிவைத்தனர். காலத்திற்கு ஒவ்வாதன என்று அன்றே கருதப்பட்ட அக்கப்பல்களின் உறுப்புகள், பதினைந்து ஆண்டுகள் கழிந்து, மிகப் புதிய விஞ்ஞானத்தின் தொண்டில் அமர்ந்தன. 1957 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சோவியத்து நாடு முதற் செய்மதியான ஸ்புட்னிக்கை ஏவியபோது, அதனைக் கொண்டுசென்ற உந்துகணையை அதே மாதத்தில் றாடாராற் கண்டு பின்தொடர்ந்தது யோட்றல் பாங்கின் தொலைகாட்டி. திட்டத்திற்கு மேற்பட்ட செலவாற் கடனிற் சிக்கி நின்ற அந்நிலையத்தின் பெயரை உலகம் அன்று அறிந்தது. அத்தொலைகாட்டி இன்றும் இயங்குகின்றது. 2019 ஆம் ஆண்டில் யோட்றல் பாங்க் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இதுவரை கூறியவை யாவும் யுத்தம் விட்டுச் சென்ற இரும்பைப் பற்றியன. அமைதிக்காலத்திலும், நவீன அலுவலகத்திலும் இதே இக்கட்டு நேர்கின்றது. 1966, 1967 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஐந்து விண்கலங்களைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பியது. மனிதர் இறங்குதற்கேற்ற இடங்களைத் தெரிவுசெய்வதற்காக அவை எடுத்தனுப்பிய படங்கள் காந்த நாடாக்களிற் பதியப்பட்டன. இடங்கள் தெரிவாயின, மனிதர் சென்று மீண்டனர், நாடாக்களுக்கு வேலை முடிந்தது. 1980 ஆம் ஆண்டுகளில் அவற்றை என் செய்வது என்ற கேள்வி, கலிபோர்னியாவிலுள்ள விண்வெளி ஆய்வுகூடமொன்றின் ஆவணப் பொறுப்பிலிருந்த நான்சி எவன்ஸ் என்னும் பெண்மணியிடம் வந்தது. எறிந்துவிடுதல் எளிது, அவரோ எறிய மறுத்தார்.

நாடாவைக் காப்பது மாத்திரம் போதாது என்பதையும் அவர் உணர்ந்தார். அவற்றைப் படிக்கவல்ல இயந்திரங்கள் அரியவை. பயன்பாட்டினின்றும் நீங்கி வந்தவை. மிகைப்பொருளாகக் கழிக்கப்பட்ட அவ்வியந்திரங்கள் நான்கினைப் பெற்று, இடமின்மையால் தமது வீட்டு வண்டிக்கொட்டகையில் ஆண்டுக்கணக்காக வைத்திருந்தார். 2007 ஆம் ஆண்டில் டெனிஸ் விங்கோ, கீத் கவிங் என்னும் இருவர் அவரைத் தேடிவந்தனர். நாடாக்களும் இயந்திரங்களும் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில், மூடப்பட்டுக் கிடந்த ஓர் உணவுச்சாலைக் கட்டடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஓய்வுபெற்ற பொறியியலாளர் வந்து இயந்திரங்களைச் சீர்செய்ய உதவினர். 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சந்திரனின் விளிம்பிற்கு அப்பால் எழும் பூமியின் படம், 1966 இல் உலகம் கண்டதிலும் பன்மடங்கு தெளிவோடு வெளிப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, 1969 ஆம் ஆண்டில் மனிதன் முதன்முதற் சந்திரனிற் கால்வைத்த காட்சியின் மூலப் பதிவுநாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருத்தல் வேண்டும் என்று விசாரித்தோர் 2009 ஆம் ஆண்டில் முடிவுசெய்தனர். நாடாத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் ஒரு நாடாவை மீளப் பயன்படுத்தியது சிக்கனமெனவே தோன்றியிருக்கும். சிக்கனமும் பாதுகாப்பும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆயின், எதனையும் எறியாது சேர்த்துவைத்தல் நன்றோ எனின், அன்று என்பதே விடை. களஞ்சியத்தை நிரப்பித் தூசியும் எலியும் பெருகவிடுதல் காத்தலாகாது. மேற்சொன்ன ஒவ்வொருவரிடமும் தெளிவான ஒரு தேவை இருந்தது. போவனுக்கு எந்தச் சாதனம் எதற்கு உதவும் என்று தெரியும். டி வோக்ற் வானலையின் இயல்பை அறிந்தவர். தேவையும் அறிவும் இல்லாதவிடத்துச் சேர்த்துவைத்தல் குப்பையை இடம்மாற்றுதலேயாம். அன்றியும், கழிபொருளே முடிவாகாது. ஒல்லாந்தர் பழைய கிண்ணத்தோடு நின்றுவிடவில்லை. 1956 ஆம் ஆண்டில் ட்விங்கலோ என்னுமிடத்தில் 25 மீற்றர் விட்டமுள்ள புதிய தொலைகாட்டியை நிறுவினர். பழையதைக் கொண்டு தம் திறமையை நாட்டியமையாலேயே புதியதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு வந்தது.

ஆபத்தும் உண்டு. யுத்தகால விமானங்களின் மானிகளில், இருளில் ஒளிரும்பொருட்டு றேடியம் கலந்த வர்ணம் பூசப்பட்டிருந்தது. பழைய மின்மாற்றிகள் சிலவற்றின் எண்ணெயில் நஞ்சு உண்டு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. அதன் மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பின்னரும் தாக்கவல்லன. மின்கம்பியை எரித்துச் செம்பெடுப்போர் நச்சுப்புகையை உட்கொள்கின்றனர். இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நிகழ்ந்த நிலங்களிற் பழைய இரும்பு பொறுக்கச் சென்று, வெடிபொருள்களால் உறுப்பையும் உயிரையும் இழந்தோர் உண்டு. அறியாத பொருளைத் தொடாது அதிகாரிகளுக்கு அறிவித்தலே அவ்விடங்களிற் சிறந்தது. பொதுப்பொருளை உரிய அனுமதியின்றி எடுத்துச் செல்லுதல், எத்துணை நல்ல நோக்கத்தோடு செய்யினும், குற்றமேயாம். போவன் கேட்டுப் பெற்றார் என்பது மறக்கற்பாலதன்று.

பொருளின் அருமையை இந்நாட்டார் பிறரிடமிருந்து கற்கவேண்டுவதில்லை. 1990 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல ஆண்டுகளாக மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி கிடைப்பதும் அரிதாயிற்று. அக்காலத்தில் மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னோட்டத்தால் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்றப் பலர் சூழ்ந்திருந்து செய்தி கேட்ட முற்றங்கள் பல. வெறுமையான ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து விளக்காக்கி, அவ்வொளியிற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். அன்று எந்த வீட்டிலும் ஒரு போத்தலையோ கம்பித்துண்டையோ எவரும் ஆராயாது எறியவில்லை. தட்டுப்பாடு கற்பித்த அப்பாடத்தைத் தாராளம் வந்தவுடன் மறந்துவிடுதல் மனித இயல்பு. தட்டுப்பாடு மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பார். பாடம் மாத்திரம் நிலைக்கவேண்டும்.

அரசாங்க அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் ஆண்டுதோறும் பொருட் கணக்கெடுப்பு நடைபெறுவதை நேயர்கள் அறிவர். கணக்கெடுப்போர் ஏட்டையும் பொருளையும் ஒப்புநோக்கி, பாவனைக்கு உரியது, திருத்தக்கூடியது, கழிக்கவேண்டியது என்று வகுப்பர். கழிக்கப்பட்டவை ஏலத்தில் விற்கப்படும், அல்லது அழிக்கப்படும். இவ்வொழுங்கு வேண்டியதே, இன்றேற் பொதுப்பொருளுக்குப் பாதுகாப்பில்லை. ஆனால் அவ்வேட்டிற் பொருளின் எண்ணிக்கைக்கு ஒரு நிரலும் அதன் நிலைமைக்கு ஒரு நிரலும் உண்டேயன்றி, அது வேறெதற்கு உதவும் என்று எழுதுதற்கு நிரலில்லை. அந்த நிரலை மனத்திலேனும் வரைந்துகொள்ளுதல் கணக்கெடுப்போரின் கடமை.

அதனை நிரப்புதற்கு மூன்று வினாக்கள் போதும். முழுப்பொருளும் பயனற்றதா, அன்றி அதன் ஓர் உறுப்பேனும் உயிரோடுள்ளதா என்பது முதல் வினா. பழுதுற்ற அச்சுப்பொறியினுள் நல்ல மோட்டார்களும் உருக்குத் தண்டுகளும் உண்டு. பேசாத ஒலிபெருக்கியினுள் வலிய காந்தம் உண்டு. ஒளியிழந்த படங்காட்டியினுள் குறையற்ற வில்லைகள் உண்டு. விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத பாடசாலைக்கு இவையே ஓர் ஆய்வுகூடத்தின் தொடக்கம். காந்தத்தைக் கையில் தூக்கிப் பார்த்த மாணவனுக்கு, படத்தில் மாத்திரம் அதனைக் கண்டவனிலும் பாடம் ஆழமாகப் பதியும். இப்பொருள் யாருக்கு வேண்டும் என்பது இரண்டாவது வினா. இதற்கு விடையை அலுவலக அறைக்குள்ளிருந்து காணமுடியாது. கழிக்கப்போகும் பொருட்களின் பட்டியலை அழிப்பதற்கு முன்னரே அயலிலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் சிறு பாடசாலைகளுக்கும் காட்டுதல் வேண்டும். அதற்குச் சில வாரங்கள் தாமதித்தலால் நட்டமொன்றுமில்லை. இப்பொருளோடு சேரவேண்டியது யாது என்பது மூன்றாவது வினா. கைந்நூலும், இணைப்புக் கம்பியும், அதனை இயக்கத் தெரிந்தவரின் பெயரும் பிரிந்துவிட்டால், நல்ல இயந்திரமும் ஊமையாகிவிடும். நான்சி எவன்ஸ் நாடாவோடு இயந்திரத்தையுஞ் சேர்த்துக் காத்தமையாலேயே படம் மீண்டது.

கணினிகள் அலுவலகங்களிலிருந்து கூட்டங்கூட்டமாகக் கழிக்கப்படும் காலம் இது. ஓர் அலுவலகத்தின் வேகத்திற்கு ஈடுகொடாத கணினி, தட்டச்சுப் பழகும் பிள்ளைக்குப் போதுமானதாயிருத்தல் கூடும். அதற்குமுன் அதிலுள்ள பிறர் தகவல்களை முற்றாக நீக்கவேண்டும். திருத்த இயலாதவற்றை உரிய முறையிற் பிரித்தெடுக்கும் நிலையங்களுக்கு ஒப்படைக்கவேண்டும். மரத்தடியிற் குவித்து மழையில் நனையவிடுவதால், அதிலுள்ள நஞ்சு நிலத்தடி நீரைச் சேரும். அதிலுள்ள நன்மையோ யாரையுஞ் சேராது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது தென்கிழக்காசியப் படையினருக்கென்று கொழும்பில் வானொலி நிலையமொன்று நிறுவப்பட்டது. படையினர் வீடு திரும்பியபின் 1949 ஆம் ஆண்டில் அந்நிலையம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிறர் யுத்தத்திற்காக இங்கு வந்த வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி, பின்னர் இலங்கை வானொலியின் குரலைக் கடல்கடந்து கொண்டுசென்றது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள தமிழகத்து இல்லங்களிலும் அக்குரல் பலகாலம் விரும்பிக் கேட்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளோடு தொடங்கிய வானொலி, படையினரின் நிலையத்தோடு வளர்ந்தது. இருமுறையும் பொருள் தானாக வரவில்லை. அதனை வேண்டுமென்று சொல்ல ஒருவர் இருந்தார். கொடுக்கலாம் என்று சொல்ல இன்னொருவர் இருந்தார்.

அடுத்த கணக்கெடுப்பின்போது களஞ்சியத்தின் மூலையில் ஒரு பொருள் கழிபொருள் என்ற குறியோடு நிற்கும். அதன்மேற் கையொப்பமிடுபவர் கையிற் பேனா இருக்கும். கையொப்பமிடுமுன், இதனை வேண்டுவார் யாரேனும் உளரோ என்று அவர் ஒருமுறை உரத்துக் கேட்பாராக. கேட்பதற்குச் செலவில்லை. விடை சொல்பவர் ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியராகவும் இருத்தல் கூடும்.